கதிர்காமநாதனின் முறை

யூகோஸ்லாவியாவைக் கண்ணாலும் காணாமல் அதன் மேல் காதல் கொண்ட ஒரே தமிழர், எனக்குத் தெரிந்து, கதிர்காமநாதன் அண்ணைதான். மெல்பேணின் நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தார். மற்ற ஆண்கள் கூடினால் கிரிக்கெட்டும் வீட்டு விலையும் பேசுவார்கள். இவர், அந்த நாட்டில் சேர்பியரும் குரோவாசியரும் ஸ்லோவேனியரும் எப்படிப் பதவியை வருடத்துக்கு ஒருவராக மாற்றிக்கொள்கிறார்கள் என்று தொடங்குவார். அவருடைய மனைவி யோகராணி குசினிக்குள் இருந்தபடியே, "தொடங்கிட்டார்" என்பாள்.

நானும் யோகராணியும் ஒரே ஆஸ்பத்திரியில் தாதிகள். அவளுடைய தாதிப் படிப்புக்குத்தான் ஆஸ்திரேலியாக்காரன் விசா கொடுத்தான். அண்ணை அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவர். இதைச் சொல்லி நான் பகிடி பண்ணினால் கோபிக்க மாட்டார். "ஓம் தங்கச்சி, நான் அவவின்ர சூட்கேசோட சேர்ந்து வந்தனான்" என்பார்.

கொழும்பில் அவர் உள்ளூராட்சித் திணைக்களத்தில் லிகிதர், எழுத்தர் வேலை. சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தபோது பல தமிழர்கள் சிங்களப் பரீட்சை எழுத மாட்டோம் என்று நின்றார்கள். இவர் எழுதினார். முதல் தடவையிலேயே சித்தியடைந்தார். அவருடைய சிங்களம் எவ்வளவு சுத்தமென்றால், மேலதிகாரிகள் தங்கள் கடிதங்களை இவரிடம் கொடுத்துத் திருத்திக்கொள்வார்கள். பிரதம லிகிதரின் கதிரை யன்னலோரம் இருந்தது. அனுபவப்படி அது இவருக்கு வரவேண்டியது. மூன்று தடவை காலியானது. மூன்று தடவையும் இவருக்குக் கீழே வேலை பழகியவர்கள் போய் அதில் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அப்போதிருந்த மேலதிகாரி கூப்பிட்டு, அன்பாகத்தான், "இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள், நிலைமை கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லி அனுப்பினாராம். கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கான் என்பது இதைத்தான்.

எழுபத்திரண்டில் புதிய அரசியல் யாப்பு வந்தது. அண்ணை அதை முழுதாக வாசித்தார். சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த பழைய பிரிவு அதில் இல்லை. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, "யோகம், இனி என்ர முறை வராது. உமக்கு எந்த நாட்டில வேலை கிடைச்சாலும் நான் வாறன்" என்று சொன்னார். அதை யோகராணிதான் எனக்குச் சொன்னாள்.

இங்கே டண்டினோங்கில் லொறி உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. பக்கத்து மேசையில் ஸ்லாவ்கோ என்று ஒரு பெரிய மீசைக்காரன், யூகோஸ்லாவியாவின் பொஸ்னியா பக்கத்து ஆள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவன் தன் நாட்டுக் கதை சொல்வான். உலகப் போரில் ஒருவரையொருவர் வெட்டிக் கொன்றவர்கள், போர் முடிந்த பிறகு ஒரே கொடியின் கீழ் வந்தார்களாம். எல்லாப் பகுதிக்கும் தலைமைக் குழுவில் இடமாம். உபதலைவர் பதவி வருடத்துக்கு வருடம் கைமாறுமாம். அண்ணை சோற்றை வாயில் வைக்க மறந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஸ்லாவ்கோ கடைசியில் எப்போதும் ஒன்று சொல்வான்: "மேலே எங்கள் நாட்டுத் தலைவர், அந்தக் கிழட்டு மார்ஷல், இருக்கிற வரைக்கும் எல்லாரும் ஒழுங்காக வரிசையில் நிற்பார்கள். அவருக்குப் பிறகு என்ன நடக்குமென்று என்னிடம் கேளாதே." முதல் பாதிதான் அண்ணையின் காதில் ஏறியது. இக்கரைக்கு அக்கரை பச்சை. ஸ்லாவ்கோ அந்தப் பச்சையை விட்டுத்தான் ஓடி வந்தவன் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

ஒரு மனிதர் தன் முறைக்காக அத்தனை காலம் நின்று காய்ந்தவர் என்றால் வேறு எப்படி இருப்பார்?

அந்தக் காலத்தில் மெல்பேணின் தென்கிழக்கில் இலங்கையர் குடும்பங்கள் கொஞ்சம்தான். சிங்களவர், தமிழர், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் எல்லாரும் சேர்ந்து ஒரு நட்புறவுச் சங்கம் தொடங்கினோம். யாப்பு எழுத ஆள் தேடியபோது அண்ணை கையைத் தூக்கினார். ஒரு கிழமை கழித்து அவர் வாசித்துக் காட்டியது அச்சொட்டாக யூகோஸ்லாவியாதான். தலைவர் பதவி மூன்று சமூகத்துக்கும் மாறி மாறி, ஒருவருக்கு ஒரு வருடம். முதலில் பறங்கியர், பிறகு சிங்களவர், பிறகு தமிழர். மூன்றில் எந்தச் சமூகம் ஆட்சேபித்தாலும் முடிவு செல்லாது.

"சின்னச் சங்கத்துக்கு உவ்வளவு வேணுமே அண்ணை?" என்று நான் கேட்டேன்.

"சின்னதில பழகினால்தான் தங்கச்சி பெரிசில வரும்" என்றார். முகம் மாப்பிள்ளை முகம் போல இருந்தது.

முதல் வருடம் வன்டர்வோல் அம்மா தலைவி. பறங்கிப் பெண்மணி, எல்லாரையும் 'டார்லிங்' என்று கூப்பிடுவார், கூட்டங்களில் கேக் கொண்டுவருவார். இரண்டாம் வருடம் விமலதாச. ரயில்வேயில் வரைபடம் கீறும் வேலை செய்தவர், அண்ணையின் உற்ற நண்பர். இரண்டு பேரும் தங்களுக்குள் சிங்களத்தில்தான் பேசுவார்கள். சில சொற்களுக்கு விமலதாசவே அண்ணையிடம் அர்த்தம் கேட்பார். சங்கம் தொடங்கிய நாட்களிலேயே, தலைவர் இருப்பதற்கென்று ஸ்பிரிங்வேலில் ஒரு பழைய சாமான் கடையில் கைபிடி வைத்த மரக் கதிரை ஒன்றை விமலதாச வாங்கினார். வைக்க இடம் அண்ணையின் கராஜில்தான் இருந்தது. கூட்டம் முடிய அதை அவர் தன் ஹோல்டன் காரின் கூரையில் கட்டிக் கொண்டுவந்து, துடைத்து, பழைய சீலை ஒன்றால் மூடி வைப்பார்.

"ஒருக்கா இருந்து பாருங்கோவன். ஆர் பாக்கப் போகினம்?" என்று யோகராணி ஒரு நாள் கேட்டாள்.

"என்ர முறை வரேக்க இருப்பன்."

இரண்டு வருடம் அந்தக் கதிரை அவர் வீட்டிலேயே இருந்தது. அவர் அதில் ஒரு தடவைகூட இருக்கவில்லை.

எங்கள் சங்கத்தின் பெரிய நாள் சித்திரை வருடப் பிறப்பு. சிங்களவருக்கும் தமிழருக்கும் ஒரே நாளில் வருவது அது ஒன்றுதானே. தேவாலய மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதன் பின் முற்றத்தில் மூன்று செங்கல் வைத்து, தலைவர் அடுப்பு மூட்டிப் பால் பொங்க வைக்க வேண்டும். ஆனால் சிங்களப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், எங்கள் பஞ்சாங்கம் வேறொரு நேரம் சொல்லும். முதல் வருடமே சண்டை வரப் பார்த்தது. அண்ணையும் விமலதாசவும் இருந்து யோசித்து, ஒருவர் மனமும் நோகாமல் இரண்டு நேரத்துக்கும் சரி நடுவில் ஒரு நேரம் வைத்தார்கள். அந்த நடு நேரம் இரண்டு பஞ்சாங்கத்துக்கும் ஆகாத நேரம்! எல்லாரும் தலையைத் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டு, கெட்ட நேரத்தில் சந்தோசமாகப் பால் பொங்கினோம். பாற்சோறும் கட்டைச் சம்பலும் எங்கள் பக்கத்து அரியதரமும் பயிற்றம் பணியாரமுமாக அந்த மண்டபம் மணக்கும். பிறகு எத்தனையோ பெரிய மண்டபங்களுக்குப் போயிருக்கிறேன். அந்த மணத்துக்கு ஏங்குவதுபோல வேறெதற்கும் நான் ஏங்கியதில்லை.

எழுபத்தேழு செப்டெம்பரில் அண்ணையின் முறை. ஓகஸ்டில் இலங்கையில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது.

யோகராணியின் தங்கை பவளம் அநுராதபுரத்தில் குடும்பமாக இருந்தவள். வானொலியில் அந்த ஊரின் பெயர் வந்த நாளிலிருந்து யோகராணி வேலைக்கு வந்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். ஊரிலிருந்து ஒரு சேதியும் இல்லை. தமிழ்ச் சனம் ஒவ்வொருவராக அவள் வீட்டுக்கு வந்து இருந்துவிட்டுப் போயினர். வன்டர்வோல் அம்மா கேக் கொண்டுவந்து அழுதுவிட்டுப் போனார். விமலதாச வரவில்லை. கடைசியில் தந்தி வந்தது: பவளமும் புருசனும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருக்கிறார்கள், வீடு எரிந்துவிட்டது, உயிருக்கு ஒன்றுமில்லை. யோகராணி அதை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த விமலதாச ஒரு வார்த்தை கேக்கேல்லை, சந்திரவதனா" என்று சொன்னாள். வீடு எரிந்ததை விட்டுவிட்டு இதைச் சொல்கிறாளே என்று அப்போது நினைத்தேன்.

விமலதாச அவர்கள் வீட்டுக்கு வந்தது ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. நானும் அங்கே இருந்தேன். யோகராணி அவரைக் கண்டதும் எழும்பிக் குசினிக்குள் போனாள். தேத்தண்ணி வரவில்லை. எங்கள் ஆட்களின் வீட்டில் தேத்தண்ணி வரவில்லை என்றால், மிச்சத்தை வாயால் சொல்லத் தேவையில்லை.

அவர்கள் சிங்களத்தில் பேசினார்கள். எனக்கு அந்தளவு சிங்களம் விளங்கும்.

"எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள்" என்றார் விமலதாச, தொப்பியைக் கையில் சுழற்றியபடி. "நீ தலைவரானால் சங்கத்தின் பெயரில் பத்திரிகைக்கு ஏதாவது எழுதுவாய் என்று சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் இன்னும் ஒரு வருஷம் பொறு, கதிர். நிலைமை கொஞ்சம் ஆறட்டும்."

அண்ணையின் முகம் அப்படியே வெளிறிப்போனது.

"எனக்கு இதைச் சொல்லும் நாலாவது ஆள் நீ" என்றார்.

விமலதாசவுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். கொழும்புக் கதை அவருக்கும் தெரியும். எழும்பிப் போனார். வாசலில் அவர் திரும்பிக் குசினிப் பக்கம் பார்த்ததை நான் கண்டேன். யோகராணி பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

பொதுக்கூட்டத்தில் சிங்களப் பக்கம் ஆட்சேபம் தெரிவித்தது. யாப்புப்படி, ஒரு சமூகம் ஆட்சேபித்தால் முடிவு செல்லாது. தமிழரைக் காப்பாற்றவென்று அண்ணை நாடு கடந்து தேடிக் கொண்டுவந்த பிரிவு, முதன்முதலில் ஒரு தமிழர் கதிரையில் இருப்பதைத் தடுக்கத்தான் உதவியது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது. விமலதாச இன்னொரு வருடம் தொடரலாம் என்று யாரோ சொல்ல, அண்ணை எழும்பி, "தமிழர் சார்பில் ஆட்சேபிக்கிறேன்" என்றார். அதுவும் செல்லவில்லை. சங்கத்துக்குத் தலைவரே இல்லாமல் போனது. நடுவில் அந்தக் கைபிடிக் கதிரை வெறுமையாக இருக்க, ஒரு பக்கம் அவர்களும் மறுபக்கம் நாங்களுமாக இருந்து கேக் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

டொக்டர் மகேந்திரராஜா அடுத்த வாரமே அண்ணையின் வீட்டுக்கு வந்தார். தமிழருக்குத் தனிச் சங்கம் தொடங்கும் முயற்சியில் முன்னுக்கு நின்றவர் அவர்.

"கதிர்காமநாதன், நீங்கள்தான் தலைவர்" என்றார். "மாறி மாறிப் பதவி குடுக்கிற வேலையெல்லாம் இல்லை. நீங்கள் விரும்புமட்டும் இருங்கோ."

"அது எனக்கு முறையில்லை, டொக்டர்."

"இதென்ன கதை? எங்கட ஆக்களெல்லாம் உங்களைத்தான் கேக்கினம்."

"அங்கை எனக்கு முதல் ஒருத்தரும் இருக்கேல்லை. எழும்பித் தர ஆளில்லாத கதிரையில நான் இருந்து என்ன செய்ய?"

டொக்டர் கோபத்தோடு போனார். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. பவளத்தின் வீடு எரிந்து கிடக்கிறது, இந்த மனிதர் கதிரைக்கு ஒழுங்கு பார்க்கிறார் என்று யோகராணிக்கு முன்னாலேயே சொன்னேன். அவள் எழும்பிப் போய் வானொலியைப் போட்டாள். அவரோடு பேசுவதை விட்டாள். அந்த வீட்டில் பல மாதம் வானொலி மட்டும்தான் பேசியது.

தமிழர்கள் தனிச் சங்கத்துக்குப் போனார்கள். நானும் போனேன், யோகராணியும் போனாள். சிங்களவர்களும் தங்களுக்குள் வீடுகளில் கூடத் தொடங்கினார்கள். பழைய சங்கத்தின் கூட்டத்துக்கு மாதத்துக்கு மாதம் ஆள் குறைந்தது. அண்ணை மட்டும் கதிரையைக் காரில் கட்டிக்கொண்டு போவதும் கொண்டுவருவதுமாக இருந்தார். ஸ்லாவ்கோ ஒரு நாள் அதைக் கண்டு, "உன் நாடு எப்படி?" என்று கேட்டானாம். "ஆள் குறைவு" என்றாராம் இவர்.

எழுபத்தெட்டு சித்திரை வருடப் பிறப்பு வந்தது. எங்கள் புதிய சங்கம் ஸ்பிரிங்வேலில் பெரிய மண்டபம் எடுத்திருந்தது. கோலம், நாதஸ்வர இசைத்தட்டு, நிறைய சனம். எங்கள் பஞ்சாங்கத்து நேரத்துக்கே, ஒரு நிமிடம் பிந்தாமல் டொக்டர் மகேந்திரராஜா அடுப்பு மூட்டினார். பால் பொங்கியது. எல்லாரும் கை தட்டினோம். நான் யோகராணியைப் பார்த்தேன். பட்டுச் சேலை கட்டி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல இருந்தாள்.

"அவர் விடியவே கதிரையைக் கட்டிக்கொண்டு போயிட்டார்" என்றாள். பிறகு, "வா சந்திரவதனா, அங்கை ஒருக்கா போயிட்டு வருவம்" என்று எழும்பினாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. தேவாலய மண்டபத்துக்குள் யாரும் இல்லை. பின் முற்றத்தில் மூன்று செங்கல், அதன் மேல் புதுப் பானை, பக்கத்தில் குடை பிடித்தபடி வன்டர்வோல் அம்மா. கூரைத் தாழ்வாரத்தில் கைபிடிக் கதிரை. அதில் விமலதாச இருந்தார். அவருக்கு முன்னால் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வன்டர்வோல் அம்மாதான் எங்களைக் கண்டு ஓடிவந்து விசயத்தைச் சொன்னார். விமலதாச காலையிலிருந்து காத்திருக்கிறார். சிங்களப் பஞ்சாங்கத்து நேரம் வந்தபோது, வேண்டாம், போகட்டும் என்றார். வழக்கமான நடு நேரத்தையும் போகவிட்டார். தமிழ் நேரம் வந்தபோது எழும்பித் தீப்பெட்டியை நீட்டி, "இது உன் முறை, எங்கள் பக்கத்தில் ஆட்சேபம் இல்லை" என்றார். வன்டர்வோல் அம்மாவும் சம்மதித்தார். ஆனால் அண்ணை தீப்பெட்டியை வாங்கவில்லை. தமிழர் பக்கத்துச் சம்மதம் வேண்டும், தன் விசயத்தில் தானே சம்மதம் சொல்ல முடியாது என்றாராம். விமலதாச திரும்பவும் கதிரையில் இருந்தார். அண்ணை திரும்பவும் நின்றார். நல்ல நேரம் போய்விட்டது.

"தமிழரில் ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு தெரிஞ்சுகொண்டே நிக்கிறியள்?" என்று நான் வாய்விட்டுக் கேட்டேன்.

"தெரியும் தங்கச்சி" என்றார் அண்ணை. என்னைப் பார்க்கவில்லை. யோகராணியைப் பார்த்தார்.

அவளும் சங்கத்து உறுப்பினர்தான். பெயரை யாரும் வெட்டவில்லை. அவள் மழையில் நேரே நடந்துபோய் விமலதாசவுக்கு முன்னால் நின்றாள். அவளுக்குச் சிங்களம் அவ்வளவு வராது. அவருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும். தமிழிலேயே கேட்டாள்.

"பவளத்தைப் பற்றி ஏன் நீங்கள் ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

விமலதாச எழும்பினார். அவருடைய வாய் கோணியது. "வெட்கம்" என்றார் தமிழில். "கேட்க... வெட்கம்." பிறகு, "பவளம் சுகமா?" என்றார்.

யோகராணி அழுதாள். ஓகஸ்டிலிருந்து அழாதவள், குடையும் இல்லாமல் நின்று, மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து அழுதாள். "சுகம்" என்றாள். "வீடுதான் இல்லை." அதன் பிறகு புருசனைத் திரும்பிப் பார்த்து, அந்த ஆறேழு மாதத்தில் அவருக்கு ஒழுங்காகச் சொன்ன முதல் வார்த்தையாக, "பத்த வையுங்கோ. ஆட்சேபம் இல்லை" என்றாள்.

விமலதாச தீப்பெட்டியைக் கொடுத்தார். அண்ணை உரசிய முதல் குச்சி காற்றில் அணைந்தது, இரண்டாவதும் அணைந்தது. விமலதாச குனிந்து இரண்டு கையாலும் காற்றை மறைத்தார். எந்தப் பஞ்சாங்கத்துக்கும் சேராத நேரத்தில், ஈர விறகு புகைந்து புகைந்து, பால் ஒருவழியாகப் பொங்கி வழிந்தது. வன்டர்வோல் அம்மா கை தட்டினார்.

அதன் பிறகு அண்ணை போய்க் கதிரையில் இருந்தார். இரண்டு கையையும் கைபிடிகளில் வைத்தார். எங்கள் நாலு பேருக்கும் பின்னால், மண்டபத்தின் திறந்த கதவு வழியே, யாரும் இல்லாத இருக்கை வாங்குகள் வரிசையாகத் தெரிந்தன. அவர் எங்களைப் பார்க்காமல் அவற்றைத்தான் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோசமும் இருந்தது, தாங்க முடியாத ஏக்கமும் இருந்தது. பொங்கின பால் ஆறும் வரைக்கும் அப்படி இருந்தார்.

பிறகு வன்டர்வோல் அம்மாவைப் பார்த்து, "அடுத்த வருஷம் திரும்ப உங்கட முறை" என்றார்.

"டார்லிங், அடுத்த வருஷம் யார் வரப்போகிறார்கள்?"

"நீங்கள் வாங்கோ" என்றார் கதிர்காமநாதன் அண்ணை. "நான் எழும்பித் தாறன்."